தண்ணீர் இல்லை என்று சொன்ன வீடு

உங்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறவர் போன வாரம் எனக்குப் போன் செய்தார். "மேடம், ஒரே ஒருத்தரத் தவிர அத்தனை பேர்கிட்டயும் சம்மதம் வாங்கி ஒரு ரோட்டுக்கே நெலம் எடுத்துக் குடுத்தவங்க நீங்க. அந்த டெக்னிக்க நம்ம புள்ளைங்களுக்கு வந்து சொல்லிக் குடுங்க" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. டெக்னிக்காம்! நான் என்ன மெக்கானிக் ஷெட்டா வைத்திருந்தேன்?

நேரில் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வந்தால் முதல் வேலையாகக் காபி கொடுப்பீர்கள். அதைக் குடித்துவிட்டு இந்த விஷயத்தைப் பேச எனக்கு வாய் வராது. ஏன் என்பது படித்தால் புரியும். நில எடுப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள், படித்த பிறகு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே ஒருத்தரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

நான் தஞ்சாவூர்க்காரி. வேலையில் பாதிக் காலம் கடலோரத்தில் போனது. கடைசியில் தனி வட்டாட்சியராக இருந்தேன், நிலம் எடுத்துக் கொடுப்பது மட்டுமே வேலை. அந்த நகரத்தின் பெயர் வேண்டாம். ஆறு கடலில் விழுகிற முகத்துவாரத்தில் நகராட்சி பெரிதாக ஒன்றைக் கட்டியிருந்தது. நடைமேடை, படகுத் துறை, ஓட்டல்கள், பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்க ஒரு சிமெண்ட் சங்கு. எல்லாம் கட்டி முடித்த பிறகுதான் அங்கே ஒரு பஸ் போகக்கூட வழியில்லை என்பது அவர்களுக்கு உறைத்தது. கல்யாண மண்டபத்தைக் கட்டிவிட்டு வாசல் வைக்க மறந்த கதை. பைபாஸிலிருந்து முகத்துவாரம் வரை ரோடு வேண்டும். நடுவில் ஒரு கிராமம்: நஞ்சை வயல்கள், அதைத் தாண்டி மணல் மேடு, மேட்டுக்கு அந்தப் பக்கம் மீனவர் தெருக்கள். சட்டப்படி ஆர்ஜிதம் என்று போனால் இழுத்துக்கொண்டே போகும் என்று, வீடு வீடாகப் போய்ப் பேசிச் சம்மதக் கையெழுத்து வாங்கச் சொன்னார்கள். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது, சீக்கிரம் சீக்கிரம் என்று மேலேயிருந்து ஒரே நெருக்கடி.

மற்ற அதிகாரிகள் தெருமுனையில் ஜீப்பை நிறுத்தி, தலையாரியை விட்டு ஆட்களைக் கூப்பிட்டனுப்புவார்கள். வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், "யோசிச்சுச் சொல்றோங்க" என்று போய்விடுவார்கள். நான் அப்படிச் செய்யமாட்டேன். ஜீப்பை ஊருக்கு வெளியே விட்டுவிட்டு நடப்பேன். சோறு கொதிக்கிற நேரமாகப் பார்த்துப் போவேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, பெண்பிள்ளை என்கிற சலுகையில் நேராக அடுப்படிக்கே போய் உட்கார்ந்துவிடுவேன். "வாங்கம்மா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் வாசலுக்கு வந்தவர் யாராக இருந்தாலும் இந்தக் கேள்வி தப்பாது. கேட்காவிட்டால் நானே கேட்டு வாங்குவேன். எந்தச் சாதி, எந்தத் தெரு என்று பார்த்ததில்லை. "தாசில்தாரம்மா நம்ம வீட்டுல தண்ணி குடிச்சாங்க" என்று பெருமையாகப் பேசிக்கொள்வார்கள். அவரைக்காய் ஆய்ந்து கொடுத்திருக்கிறேன். குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்து, உப்பு பத்தலை என்று சண்டை போட்டிருக்கிறேன். டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் பையிலிருந்து காகிதத்தை எடுப்பேன்.

வீடு தேடி வந்து, வாங்கிக் குடித்து, உரிமையோடு உட்கார்ந்திருக்கிற ஒருத்தியிடம் "முடியாது" என்று சொல்ல எங்கள் ஜனங்களுக்கு வராது. அது எனக்கு நன்றாகத் தெரியும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். தின்றவளுக்குச் சொன்ன பழமொழி அது. நான் அதை உப்பிட்டவர்கள் தலையிலேயே கட்டினேன். கையெழுத்துப் போடும்போது ஒருத்தர் முகத்திலும் கோபம் இருக்காது, ஒரு சங்கடச் சிரிப்புதான் இருக்கும். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அலுவலகத்தில் என்னைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள்.

ஊரின் கடைசி வீடு மல்லிகாவுடையது. வயல் முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் ஓட்டு வீடு, பின்னால் கொல்லை, கொல்லையில் ஒரு உறைகிணறு. கணவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார், வயலையும் வீட்டையும் அவள்தான் கவனித்துக்கொண்டாள். நாற்பது வயதிருக்கும். ரோடு அந்தக் கிணற்றின் மேலேதான் போனது.

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கிராம நிர்வாக அலுவலர் என்கூட வந்தார். நல்ல மனுஷன், கொஞ்சம் பயந்தவர். "அம்மா, இந்த வீட்டுல மட்டும் கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்றார். "பாத்துட்டே இருங்க, பத்து நிமிஷத்துல அடுப்படியில இருப்பேன்" என்றேன். அவ்வளவு திமிர் எனக்கு.

மல்லிகா வாசற்படியில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வாங்க" என்று சொல்லவில்லை. "சொல்லுங்க" என்றாள். நான் செருப்பைக் கழற்றினேன். அவள் வழி விடவில்லை. சரி, நாமே ஆரம்பிப்போம் என்று, "என்ன வெயிலு! நாக்கு ஒட்டிக்கிச்சு. ஒரு வாய் தண்ணி குடும்மா" என்றேன்.

 அவள் தோளுக்குப் பின்னால் கொல்லைக் கதவு திறந்திருந்தது. அது வழியாகக் கிணறு தெரிந்தது. ராட்டினத்துக் கயிறு நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது, பக்கத்தில் நிறைகுடம் ஒன்று இருந்தது. நான் அதைப் பார்த்தேன், நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"தண்ணி இல்லைங்க" என்றாள்.

எங்கள் பக்கத்தில் வீட்டில் அரிசி தீர்ந்துபோனால்கூடப் பெண்கள் வாயால் "இல்லை" என்று சொல்லமாட்டார்கள். "நெறஞ்சிருக்கு" என்பார்கள். இல்லை என்றால் இல்லாமலே போய்விடும் என்று பயம். அப்படிப்பட்ட ஊரில், நிறைகுடத்தை வைத்துக்கொண்டு, வந்து நின்றவளிடம் தண்ணி இல்லை என்கிறாள் ஒருத்தி. கிராம நிர்வாக அலுவலர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. இத்தனை வருஷத்தில் பரம ஏழை வீட்டில்கூட யாரும் என்னை இப்படி நிற்கவைத்ததில்லை.

அவள் பேசினாள். குரல் நடுங்கியதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன், அப்போது என் காதில் ஏறவில்லை. "வயல வேணா எடுத்துக்கங்கம்மா. கெணத்த மட்டும் விட்ருங்க. இங்க எங்க தோண்டினாலும் உப்புதான். சுனாமிக்கு அப்பறம் எல்லாக் கெணறும் கெட்டுப்போச்சு. இது ஒண்ணுதான் திரும்ப நல்ல தண்ணியா ஊறுது. மேட்டுக்கு அந்தாண்ட ரெண்டு தெருவும் இதுலதான் எடுக்குது. ரோட்ட அந்தத் தென்னந்தோப்புப் பக்கமா கொஞ்சம் தள்ளிக்கங்க."

"ஊருக்கே தண்ணி குடுக்கிற. எனக்கு மட்டும் இல்லையாக்கும்?" என்றேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று வந்துவிட்டேன்.

இனிமேல் வருவதைக் கவனித்துப் படியுங்கள். என் குற்றம் அந்த வாசலில் நடக்கவில்லை. வெயில், தாகம், கோபம் என்று அதற்கு ஏதாவது சாக்குச் சொல்லலாம். அடுத்த வாரம் ஏ.சி. அறையில் நடந்த கூட்டத்துக்கு ஒரு சாக்கும் கிடையாது.

கூட்டத்தில் தலைமை வகித்த மேலதிகாரி நல்லவர். வயதில் என்னைவிடச் சின்னவர், எதையும் கேட்டுத்தான் முடிவு செய்வார். வரைபடத்தில் விரலை வைத்து, "இந்தக் கிணறு விஷயமா ஒரு மனு வந்திருக்கு. ரெண்டு தெருவுக்குக் குடிதண்ணி இதுலதான்னு எழுதியிருக்காங்க. தோப்பு வழியா வளைச்சா என்ன?" என்றார். பொறியாளர் முகத்தைக் கோணினார். திரும்ப அளக்க வேண்டும், தோப்புக்காரர் வெளியூர், விழாத் தேதி தள்ளும் என்றார். மேலதிகாரி அதைக் கேட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க நேர்ல போயிருக்கீங்க. உண்மையிலேயே ஊருக்குத் தண்ணி குடுக்கிற கிணறுதானா? நீங்க சொன்னா வளைச்சிடலாம்."

நீங்க சொன்னா வளைச்சிடலாம். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நனைந்த கயிறு என் கண் முன்னால் நின்றது. "ஆமாம் சார்" என்று சொன்னால் போதும். தெரியவில்லை என்றால் "போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன் சார்" என்றாவது சொல்லியிருக்கலாம். மணல் மேட்டின் மேல் ஏறி, அந்தப் பக்கம் ஒரு குடத்தை எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

நான் சொன்னது இது: "சார், அந்தப் பொம்பளகிட்ட ஒரு வாய் தண்ணி கேட்டேன். கெணத்த வச்சுக்கிட்டே இல்லைன்னுட்டா. அவ ஊருக்குத் தண்ணி குடுக்கிறாளாம், நம்பச் சொல்றீங்களா?"

கூட்டத்தில் சிரித்தார்கள். மேலதிகாரியின் முகம் மாறியது. "தண்ணியே குடுக்கலையா?" என்றார். அவரும் நம் ஊர்க்காரர்தானே. வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காதவள் எப்படிப்பட்டவளாக இருப்பாள் என்று அவருக்கும் யாரும் விளக்க வேண்டியதில்லை. விரலை வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டார். அந்த ஒரு துண்டு நிலத்துக்கு மட்டும் அவசரப் பிரிவில் கட்டாய ஆர்ஜிதம் என்று முடிவானது. நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைக் குடைகிறது.

மல்லிகா கோர்ட்டுக்குப் போகவில்லை. கிணற்றைத் தூர்க்கிற அன்று நிலத்தைச் சுவாதீனம் எடுக்க நானே போனேன். பொக்லைன் ஓரமாக நின்றது. கொல்லையில் மீனவர் தெருப் பெண்கள் வரிசையாகக் குடங்களோடு நின்றார்கள். கூச்சல் இல்லை, மறியல் இல்லை. மல்லிகா கிணற்றடியில் நின்று இறைத்து இறைத்து ஒவ்வொரு குடமாக நிரப்பிக்கொண்டிருந்தாள். இறைக்க இறைக்க அந்தச் சின்ன உறைகிணறு ஊறிக்கொண்டே இருந்தது. 

மீன் கூடையோடு நின்ற ஒரு பெண்ணிடம், எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்கிற தவிப்பில் கேட்டேன்: "ஏம்மா, எல்லாருக்கும் இறைக்கிறாளே, அன்னைக்கு எனக்கு மட்டும் ஏன் ஒரு வாய் குடுக்கல?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்குத் தண்ணி குடுத்தா கையெழுத்தும் போட்டுக் குடுக்கணும்னு இந்தச் சுத்துவட்டாரத்துக்கே தெரியுமேம்மா. தண்ணிக்காரம்மான்னுல்ல உங்களுக்குப் பேரு. நீங்க தண்ணி குடிச்சிட்டுக் கேட்டா அதால இல்லைன்னு சொல்ல முடியாது, எளகுன மனசு அதுக்கு. அதான் மனசக் கல்லாக்கிக்கிட்டு வாசல்லயே நின்னுச்சு. நீங்க போனப்பறம் அன்னைக்கு முழுக்கச் சோறு திங்கல. வந்தவங்களுக்குத் தண்ணி இல்லைன்னுட்டனே, எனக்கு என்ன பாவம் வரப்போவுதோன்னு ஒரே அழுவ."

செருப்பால் அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. நான்தான் தண்ணிக்காரம்மா. ஒருத்தரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

கையில் போன் இருந்தது. மேலதிகாரியைக் கூப்பிட்டு, "சார், நான் சொன்னது தப்பு, நிறுத்தச் சொல்லுங்க" என்று சொல்லியிருக்கலாம். அவர் கேட்டிருப்பார். ஆனால் கூட்டத்தில் சிரித்தவர்கள் எல்லாரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். அன்றைக்கு ஒன்று சொன்னவள் இன்றைக்கு வேறொன்று சொல்கிறாள் என்பார்களே. விழாத் தேதி தள்ளினால் என் தலையில்தானே விழும். பொக்லைன்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக் குடம் நகர்ந்ததும், ஆகட்டும் என்று கையை அசைத்தேன். முதல் லோடு மண் விழுந்தபோது உள்ளேயிருந்து தண்ணீர் தெறிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

மீனவர் தெருக்களுக்குக் குழாய் வரும் என்றார்கள். குழாய் வந்தது, தண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவை வந்தது. நான் அந்த ஊரில் செய்த இன்னொன்று பிறகுதான் தெரிந்தது. மிச்ச வேலைக்காகப் போயிருந்தபோது, தடுப்பூசி போட வந்த கிராமச் சுகாதாரச் செவிலியர் என்னிடம் புலம்பினார். "என்ன ஊருங்க இது? கையில ஒரு பேப்பரோட யார் வந்தாலும் வாங்கங்கிறாங்க, ஒக்காருங்கங்கிறாங்க, தண்ணி மட்டும் குடுக்க மாட்டேங்கிறாங்க." என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்கப் பயப்படுகிற ஊராக ஒரு ஊரையே ஆக்கிவைத்துவிட்டு, நல்ல பெயரோடு பணி ஓய்வும் பெற்றேன். பிரிவு உபசாரத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். ஒருத்தர் என் டெக்னிக்கைப் பற்றி மேடையிலேயே புகழ்ந்தார். சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கேவலமாக இருந்தது.

டெக்னிக் வேண்டும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தரிடம் நிலம் கேட்கப் போகிறீர்கள் என்றால், அவர் "முடியாது" என்று சொல்ல முடிகிற இடத்தில் வைத்துக் கேளுங்கள். அவர் வீட்டு அடுப்படி அந்த இடம் இல்லை. உங்கள் அலுவலகத்துக்கு வரச் சொல்லுங்கள், நாற்காலி போடுங்கள், நீங்கள் தண்ணீர் கொடுங்கள், அப்புறம் கேளுங்கள். ஒருத்தர் உங்களை அவமானப்படுத்திவிட்டால் அவருடைய மனுவை அன்றைக்குத் தொடாதீர்கள், நீங்கள் எழுதுவது எல்லாம் கோணலாகத்தான் வரும். இதைவிடப் பெரிதாகச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியாது.

போன வருஷம் என் தங்கை குடும்பம் ஊரிலிருந்து வந்தது. முகத்துவாரத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ரோடு நன்றாகத்தான் இருக்கிறது, கண்ணாடி மாதிரி. நடுவில் அரளி வைத்திருக்கிறார்கள். கிணறு இருந்த இடத்தில் வண்டி குலுங்கக்கூட இல்லை. மல்லிகாவின் வீடு மட்டும் ரோட்டோரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்க ஒருத்தரப் பாக்கணும்" என்று இறங்கிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் இறங்கினேன். என்ன சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

மல்லிகா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. கண்டுகொண்டதும் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"வாங்கம்மா, வாங்க வாங்க. ஏன் வெயில்லயே நிக்கிறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் நாற்காலியைப் போட்டாள், உள்ளே போனாள், பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு வந்தாள். நான் வாங்காமல் நின்றேன். கை வரவில்லை.

"பயப்படாம குடிங்கம்மா" என்றாள். "இப்ப எங்ககிட்ட எடுக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல."

குத்திக் காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. ஒரு பாரத்தை இறக்கிவைத்தவள் மாதிரி அவள் முகம் தெளிந்திருந்தது. "அன்னைக்கு அந்த வெயில்ல வந்து வாய்விட்டுக் கேட்டீங்க. இல்லைன்னுட்டேன். எத்தன வருசமா மனசுல கெடந்து உறுத்துதும்மா. தப்பா நெனச்சுக்காதீங்க" என்றாள்.

நான் கேட்க வந்ததை அவள் கேட்டுவிட்டாள். டம்ளரை வாங்கிக் குடித்தேன். கேன் தண்ணீர், பிளாஸ்டிக் வாடை அடித்தது. ஒரு சொட்டு வைக்காமல் குடித்தேன்.

"இன்னும் கொஞ்சம் கொண்டாரவாம்மா?" என்றாள்.